பாவாத மலைக்கு முதல் தடவை ஏறப்போகிற பிள்ளைகளுக்கு

மார்கழிப் போயாவோடு சீசன் தொடங்கிவிட்டால் வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே பேச்சுதான். எந்த வேன், எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு? ராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவை, நில்தண்டாஹின்ன என்று எங்கே பார்த்தாலும் இளம் பிள்ளைகள் கூட்டம் சேர்க்கிறார்கள். வேனுக்குப் பணம் சேர்ந்ததும் ஆயத்தமும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் தடவை போகிறவர்களைப் பல வருடமாகக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பாவாத மலை என்று நாம் சொல்கிற சிவனொளிபாத மலையில் ஏறுவதற்கு எல்லோரும் ஆயத்தமாகிறார்கள். உச்சியில் விடியும்வரை நிற்பதற்கும், விடிந்த பிறகு இறங்குவதற்கும்தான் யாரும் ஆயத்தமாவதில்லை. பிள்ளைகள் படுகிற கஷ்டமெல்லாம் இந்த இரண்டு நேரத்திலும்தான்.

1. நம்ம ஊர் மழையை வைத்து மலையின் வானத்தைக் கணிக்காதீர்கள்.

வலப்பனை மலைநாட்டின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவமழை நமக்கு நன்றாக அடிக்கும். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் போனது இந்தப் பருவத்தில்தான். பாவாத மலை இருப்பதோ மேற்குப் பக்கம். அங்கே பெரிய மழை மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்றோடு வருகிறது. அதனால்தான் சீசன் மார்கழிப் போயாவில் ஆரம்பித்து வெசாக் போயாவோடு முடிகிறது.

நம்ம பிள்ளைகள் இங்கே பெய்கிற மழையைப் பார்த்துவிட்டுக் குடையும் ரெயின்கோட்டுமாகப் புறப்படுகிறார்கள். கம்பளி உடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புள்ளைப் பக்கம் பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும், காய்ந்த குளிர்காற்று வீசும். அந்தப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். மேகம் இல்லாத இரவில் பகல் முழுக்க நிலம் வாங்கிய சூடு தங்காமல் போய்விடும். நுவரெலியாவில் உருளைக்கிழங்குச் செடியையும் தேயிலைத் தளிரையும் பனி கருக்குவது இதே காலத்தில்தான். ஆகவே மழைக்கும் ஆயத்தமாகுங்கள், அதைவிட அதிகமாகக் குளிருக்கு ஆயத்தமாகுங்கள்.

இன்னொன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வலப்பனைக்கோ நுவரெலியாவுக்கோ மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை. சீசன் ஐந்து மாதம் இருக்கிறது.

2. போயாவுக்கும் சனிக்கிழமை இரவுக்கும் முதல் தடவை போகாதீர்கள்.

அந்த நாட்களில் உச்சிக்குக் கிட்ட, மகாகிரிதம்ப ஏற்றத்தில், கூட்டம் அசையாமல் நின்றுவிடும். ஒரு படி ஏறி நிற்பது, பிறகு இன்னொரு படி என்று மணிக்கணக்காக இழுக்கும். அப்படி நிற்கும்போதுதான் வியர்த்த உடம்பு விறைக்கும். தோட்ட வேலை செய்கிறவர்களுக்குக் கிழமை நாளில் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், இல்லாமல் போகும் என்பது எனக்குத் தெரியும். தைப்பொங்கல் லீவை ஒட்டி ஒரு கிழமை நாள் கிடைக்குமா என்று பாருங்கள். சீசன் இல்லாத மாதங்களில் படியில் வெளிச்சமும் இருக்காது, கடையும் இருக்காது. முதல் தடவைக்கு அது வேண்டவே வேண்டாம்.

3. உடுப்பை அடுக்கடுக்காகப் போடுங்கள். வியர்க்க விடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரம் ஏறுகிறோம். உச்சி 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறு பாகை செல்சியஸ் சூடு குறையும். நல்லதண்ணியில் வேனை விட்டு இறங்கும்போதே கை விறைக்கிறது என்றால் மேலே எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாததற்கு உச்சியில் மறைப்பில்லாத காற்று. ஹைபொரஸ்ட் பக்கத்துப் பிள்ளைகள் "இந்தக் குளிர் நமக்குப் பழக்கம்தானே" என்பார்கள். லயத்தில் அடுப்படியில் இருந்து பழகிய குளிர் வேறு, நனைந்த பனியனோடு காற்றில் நிற்கிற குளிர் வேறு.

எல்லோரும் செய்கிறது இதுதான்: கீழே குளிருகிறது என்று தடித்த ஸ்வெட்டரையும் ஜக்கெட்டையும் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குகிறார்கள். அரை மணித்தியாலத்தில் உள்ளே ஆறாக வியர்க்கும். பருத்திப் பனியன் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே போய் நின்றதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும்.

உலகத்தின் வடகோடியில், பனிக்காட்டில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் பயணம் போகிறவர்கள் இந்த விஷயத்தில் நமக்கு ஆசான்கள். 1925ஆம் ஆண்டு அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வண்டியோட்டி வெறுமனே உட்கார்ந்து போகிறவர் இல்லை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவார், கூடவே ஓடுவார், பிறகு வண்டியில் நின்றபடி காற்றை வாங்குவார். உடம்பு சூடாகும்போது மேலுடுப்பைத் திறந்துவிடுவதும், நிற்கிற நேரம் வருமுன் மூடிக்கொள்வதும் அவர்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். நமக்கும் அதேதான் வேண்டும்.

ஏறும்போது மெல்லிய ஒரு சட்டை போதும். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காற்றைத் தடுக்கிற ஜக்கெட், உலர்ந்த பனியன் ஒன்று எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு முதுகுப் பையில் இருக்கட்டும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கடைசித் தேத்தண்ணிக் கடைகள் வரும். அங்கே ஒதுங்கி நனைந்த பனியனைக் கழற்றுங்கள். முதுகையும் நெஞ்சையும் துவாயால் நன்றாகத் துடைத்துவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜக்கெட். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு பேர் கம்பளியை விரித்துப் பிடித்தால் மறைவு கிடைக்கும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்த பிள்ளை மேலே சூரியனைப் பார்க்கும். செய்யாத பிள்ளை முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பழைய ஆட்கள் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போனதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆட்டுமயிர்க் கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும். வீட்டில் ஒன்று இருந்தால் கூட்டத்துக்கு ஒன்றாவது எடுத்துப்போங்கள்.

4. கால்.

புதுச் சப்பாத்து வேண்டாம். ஒரு மாதமாவது போட்டுப் பழகிய, அடி தேயாத சப்பாத்து வேண்டும். செருப்போடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறிவிடுவார்கள், இறங்கும்போது விரல் முன்னால் தள்ளி நகம் கறுத்துப்போகும். உச்சி முற்றத்தில் காலணியைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக் கல் பனியில் ஊறிக் கிடக்கும். வெறுங்காலோடு ஐந்து நிமிடம் நின்றால் எலும்புவரை வலிக்கும். அதற்கென்று தடித்த உலர்ந்த காலுறை ஒரு சோடியைத் தனியாக வையுங்கள். கழற்றிய சப்பாத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டால் கூட்டத்தில் தேட வேண்டியதில்லை.

5. ஒரு மாதம் முந்தியே இறங்கிப் பழகுங்கள்.

கொழுந்து எடுக்கிற பிள்ளைகளுக்கு ஏற்றம் புதிதில்லை. ஆனால் நுவரெலியாவிலோ கொழும்பிலோ கடை வேலை செய்துவிட்டு லீவில் வருகிற தம்பிமாருக்கு ஏற்றமும் கஷ்டம், இறக்கம் அதைவிடக் கஷ்டம். ஹட்டன் வழியில் ஏறக்குறைய 5,500 படிகள் இருக்கின்றன. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது, நார் நாராக நோவது அதனால்தான். தோட்டத்து மேல்மலையிலிருந்து கீழ் ரோட்டுக்கு வருகிற குறுக்குப் பாதையில் கிழமைக்கு மூன்று நாள் ஏறி இறங்குங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கிப் பழகுங்கள். குதித்து இறங்குகிற பழக்கம் இருந்தால் இந்த ஒரு மாதத்தில் விட்டுவிடுங்கள்.

6. இவர்கள் முதலில் டொக்டரைக் கேட்க வேண்டும்.

நெஞ்சு வலி வந்தவர்கள், இளைப்பு உள்ளவர்கள், சீனி வருத்தக்காரர், கர்ப்பிணிகள். நம்ம தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே கண் இருட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அதைச் சாதாரணக் களைப்பு என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனில் ஏறலாம். இளைப்புக்காரர் பம்ப்பை உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும், வேனில் விட்டுவிட்டு வரக்கூடாது. வழியில் யாருக்காவது நெஞ்சை அடைத்தால் "கொஞ்சம் ஏறினால் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். உட்கார வைத்து, பக்கத்து முதலுதவி நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

7. பையில் என்ன?

மாற்று உடுப்பைத் தவிர, தண்ணீர் ஒரு போத்தல். கற்கண்டு அல்லது கித்துள் கருப்பட்டி. ரொட்டியும் கட்டச் சம்பலும். இரண்டு ஜீவனி பக்கெட். சித்தாலேப. டோர்ச் லைட், படியில் வெளிச்சம் இருந்தாலும் மின்சாரம் போகலாம். அடையாள அட்டை, அன்றாடம் குடிக்கிற மருந்து. அவ்வளவுதான். சோற்றுப் பானையை மேலே தூக்கிப் போகத் தேவையில்லை, சீசனில் வழி முழுக்கத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது.

8. சாரதிக்குத் தூக்கம் கொடுங்கள்.

எனக்கு மலையைவிட வீதிதான் பயம். வலப்பனையிலிருந்து ராகலை, கந்தப்பளை, நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று வளைவுக்கு மேல் வளைவு. ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள். இரவெல்லாம் ஓட்டி வந்த மனிதரையும் "வாங்க அண்ணே, நீங்களும் சாமி கும்பிட வாங்க" என்று மலைக்கு இழுத்துக்கொண்டு போய், காலையில் அதே ஆளை வண்டி ஓட்டச் சொல்வது பாவம். அன்பு காட்டுவதாக நினைத்து அவரைச் சாவுக்குக் கிட்டக் கொண்டுபோகிறோம், கூடவே நம்மையும். மத்தியானத்திலேயே புறப்படுங்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் கிடைக்கும். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, நீர் வற்றினால் பழைய கோயில் தெரியும். பின்னேரம் நல்லதண்ணியில் சாரதிக்கு ஒரு அறை எடுத்துக் கொடுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். மலையிலிருந்து இறங்கியதும் அவரை உசுப்பி எழுப்பாமல், அவர் தானாக எழும்பியதும் புறப்படுங்கள்.

9. மெதுவாக நடக்கிறவர் முன்னால் போகட்டும்.

வேகமான பையன்கள் முன்னால் ஓடினால் கூட்டம் அரை மணித்தியாலத்தில் சிதறிவிடும். அம்மாமாரும் சின்னப் பிள்ளைகளும் பின்னால் தனியாகத் தவிப்பார்கள். மெதுவான ஆள் முன்னால், பலமான ஆள் கடைசியில். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, ஒருவர் மற்றவரை விட்டு அசையக்கூடாது என்று சொல்லிவையுங்கள். சந்திக்கிற இடங்களை நல்லதண்ணியிலேயே தீர்மானியுங்கள்: மகரதோரணம், ஜப்பான்காரர் கட்டிய சமாதானத் தூபி, சீதகங்குல, இந்திகட்டுபான. குளிரில் போன் பெட்டரி சீக்கிரம் இறங்கும், அதை நம்பி யாரையும் தனியே விடாதீர்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுபோனால் கூட்டமும் நிற்கட்டும்.

10. சீதகங்குலவில் குளிப்பதாக இருந்தால்.

முதல் தடவை வருகிறவர்கள் அந்த ஆற்றில் குளித்து, வெள்ளை உடுத்து ஏறுவது வழக்கம். இந்திகட்டுபானவில் ஊசியில் நூல் கோத்துப் போடுவதும் முதல் தடவைக்காரர் செய்கிற சடங்கு. இவற்றை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் நடுச்சாமத்தில் தலை நனையக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு மேலே போகிற தங்கச்சிமாரைப் பார்த்தால் வயிறு கலங்கும். முகம், கை, கால் கழுவித் தலையில் நீர் தெளித்துக்கொண்டால் சாமி குறை சொல்லாது. குளித்தே ஆக வேண்டும் என்றால் தலையை உலர்த்தித் தொப்பி போடுங்கள், உள்ளுடுப்பு உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இந்த மலையில் சிவன் பாதம் என்று நாம் ஏறுகிறோம், புத்தர் பாதம் என்று பௌத்தர்கள் ஏறுகிறார்கள், ஆதம் நபியின் பாதம் என்று முஸ்லிம்கள் ஏறினார்கள். பயணி இபன் பதூதா 1344இல் ஏறியிருக்கிறார். அதற்கும் முந்தி, பதினோராம் நூற்றாண்டில், முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களுக்குத் தங்குமடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்ததை அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே வருகிறவர் "கருணாவய்" என்று வாழ்த்துச் சொன்னால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

11. நாய்களும் காடும்.

நல்லதண்ணியிலிருந்து சில நாய்கள் உங்களோடு ஏறிவரும். படிப்படியாய் முன்னால் ஓடி, திரும்பிப் பார்த்து, நீங்கள் வந்ததும் மறுபடி ஓடும். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். ரொட்டித் துண்டு போடலாம், கட்டிப்பிடிக்க வேண்டாம், தூங்குகிறதைத் தொட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம். சின்னக் கீறல்தானே என்று விடுகிற நோய் இல்லை அது.

பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகளில் இதுவும் ஒன்று. சிறுத்தை இருக்கிறது, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கும் இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படியான சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்துப்போனது. இலங்கையில் அபூர்வத்திலும் அபூர்வமான உயிர் அது. நம்ம வலப்பனைத் தோட்டங்களிலும் சுருக்கு வைக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான். கொண்டுபோன பொலித்தீன், போத்தல் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும். சாராயமும் கஞ்சாவும் கொண்டுபோகிற கூட்டத்தோடு சேராதீர்கள். ஹட்டன் பக்கம் மோப்ப நாயோடு பொலிஸ் நிற்கும். அது மட்டுமில்லை, குடித்த உடம்பு குளிரை உணராமலேயே சூட்டை இழக்கும்.

12. உச்சியில்.

விடிவதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் முந்திப் போய் நிற்காதீர்கள். ஜனவரியில் சூரியன் ஆறரைக்குக் கிட்ட எழும்பும். சீக்கிரம் ஏறிவிட்டால் கீழே கடையில் இஞ்சித் தேத்தண்ணி குடித்து இருங்கள். மேலே ஒருவரையொருவர் ஒட்டி நில்லுங்கள், சின்னப் பிள்ளைகளை நடுவில் விடுங்கள். யாராவது நடுங்கி நடுங்கிப் பிறகு நடுக்கம் நின்று, பேச்சு குழறி, சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடுமாறினால் அது ஆபத்து. தூங்கட்டும் என்று விடாதீர்கள். நனைந்ததை மாற்றி, கம்பளியில் சுற்றி, விழுங்க முடிந்தால் இனிப்பான சுடுபானம் கொடுத்து, உடனே காற்றில்லாத இடத்துக்கு இறக்குங்கள். சூரியன் எழும்பிய பிறகு எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாக, கீழே நாட்டின் மேல் விழுந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் அது சுருங்கிவிடும். உச்சியில் இருக்கிற மணியை, ஏறியது எத்தனையாவது தடவையோ அத்தனை தரம் அடிப்பார்கள், உங்களுக்கு ஒரு தரம்.

13. இறக்கம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப் பாய்வார்கள். அரை மணித்தியாலம் பொறுங்கள். வெயில் ஏறியதும் ஜக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். உயரமான படியில் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஊன்றுகோல் இருந்தால் அதை முதலில் கீழ்ப்படியில் வைத்து, பிறகு காலை வையுங்கள். ஓட்டப்பந்தயம் வைக்காதீர்கள், முழங்கால் பிசகுவது எல்லாம் அங்கேதான். ஏறி வருகிற வயதானவர்களுக்குக் கைப்பிடிப் பக்கத்தை விட்டுக்கொடுங்கள். பசிக்காவிட்டாலும் வழியில் எதையாவது சாப்பிடுங்கள்.

14. மறுநாள்.

தொடை இறுகிப்போகும், இரண்டாம் நாள்தான் அதிகம் நோவும். சுடுதண்ணீரில் குளித்து, மெல்ல நடமாடுங்கள், படுத்தே கிடக்காதீர்கள். மறுநாள் பெரட்டுக்குப் போயே ஆக வேண்டியவர்கள் கங்காணியிடம் முதலே சொல்லி, செங்குத்தான மலை இல்லாத இடமாகக் கேட்டு வாங்குங்கள். நோகிற காலோடு ஈரச் சரிவில் கொழுந்துக் கூடையைச் சுமந்து இறங்கினால் வழுக்கும். கேட்க வெட்கப்படுகிற தங்கச்சிமாருக்காகக் கூட்டிக்கொண்டு போன பெரியவர்களே போய்ப் பேசுங்கள்.